கை நழுவும் டம்ளர்

கிருஷ்ணகிரி,
மே 18

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகுதான் நேரம் கிடைத்தது.

முதலில் ஊர்ச் செய்தி. மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது. மண்டிப் பக்கம் போனால் டிராக்டர் வரிசையைத் தாண்டி நடக்க முடியவில்லை, எல்லாம் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய். சந்தூரிலிருந்து வாங்கி வந்து வைத்த ஒட்டுச்செடிகள் இந்த வருஷம்தான் முதல் காய் பிடித்திருக்கின்றன. அத்தைக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவ விடுகிறான், வாசற்படியில் இடறுகிறான், "கண் எங்கே இருக்கிறது" என்று அவன் அப்பா கத்துகிறார், இது மனம் அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகிற அந்த பைபோலார் நோயாலா, மாத்திரையாலா, இல்லை அவனுடைய அசட்டையா என்று கேட்டிருக்கிறாய். அசட்டை இல்லை. அதை இன்றைக்கே அவன் அப்பாவிடம் சொல்லிவிடு. மற்றதை நிதானமாகப் படி.

எனக்கு இந்த நோய் என்று தெரிந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தடுமாற்றம் இருந்தது, அப்போது அதை நோயோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மனம் ஏறியிருக்கும் நாட்களில் நான் நடக்கவே மாட்டேன், பாய்வேன். கதவு நிலையில் தோள் இடிக்கும், மேஜை முனையில் தொடை இடிக்கும், வலியே தெரியாது. ராத்திரி குளிக்கும்போதுதான் கன்றிப்போன இடங்களை எண்ணுவேன். மனம் இறங்கிய நாட்களில் அதற்கு நேர்மாறு. காலைத் தூக்கி வைப்பதே ஒரு வேலையாக இருக்கும். செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே வரும், சின்னக் கல்லில்கூட இடறுவேன். உடம்பே மந்தமாகிப்போவது அந்த நிலையின் அடையாளங்களில் ஒன்று என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.

இந்த இரண்டும் இல்லாத நல்ல நாட்களிலும் ஒன்று உண்டு. கண்ணை மூடி முகத்துக்கு சோப்பு போடும்போது நான் இன்றைக்கும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். கரண்ட் போய்விட்டால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டேன். இது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். 2011-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். பைபோலார் உள்ள 16 பேரையும் இல்லாத 16 பேரையும், உடம்பின் அசைவைப் பதிவு செய்யும் ஒரு தட்டின் மேல் ஆடாமல் நிற்கச் சொன்னார்கள். நோய் உள்ளவர்களின் உடம்பு அதிகமாக ஆடியது, கண்ணை மூடச் சொன்னபோது முக்கியமாக. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன ஆய்வுதான், மாத்திரையின் பங்கு எவ்வளவு நோயின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் சுவரைப் பிடித்து நிற்கிற இன்னொருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்வு மூன்றும் செய்தி அனுப்ப வேண்டும். அதையெல்லாம் சேர்த்துச் சரிபார்ப்பதில் பெரிய பங்கு சிறுமூளைக்கு. 'உடற்சமநிலையைப் பேணுவது எது?' என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! அதே சிறுமூளைக்கு உணர்ச்சியிலும் பங்கு உண்டு என்பதை நான் பாடமாக நடத்தியதே இல்லை. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு நடை மட்டும் போவதில்லை, திட்டமிடும் திறனும் பேச்சும் மனநிலையும் மாறுகின்றன என்று 1998-இல் ஜெரமி ஷ்மாமன் என்ற நரம்பியல் மருத்துவர் விளக்கமாக எழுதினார். மனத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் காலின் தடுமாற்றத்துக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்தால் அது அங்கேதான் இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அப்புறம் மாத்திரை. இதைத்தான் நீ மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மே மாதம் எனக்கு நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று இவர் வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டார். வெயிலில் தோட்டத்தில் நின்று மாங்காய் எண்ணியதில் வியர்த்துக் கொட்டியது. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரையை ஒரு வாரம் போட்டேன். அதன் நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. நான்கும் சேர்ந்துகொண்டன. ஒரு காலையில் எழுந்து நின்றால் ஒகேனக்கல் பரிசலில் நிற்பது மாதிரி தரை ஆடுகிறது. காபி டம்ளரை எடுத்தால் கை உதறி முக்கால்வாசி கீழே. பேச்சு குழறியது. அத்தை பக்கவாதம் என்று அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா தண்ணீர்க் கோளாறு என்றார். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் யாருக்கு நடை மாறினாலும் முதலில் எலும்பைக் கெடுக்கும் ஃப்ளோரைடு தண்ணீரைத்தானே சொல்வார்கள்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தும் அந்தப் பயம் போகவில்லை. முதலில் போன கிளினிக்கில் தலைசுற்றலுக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, சொல்ல எனக்கும் நாக்கு புரளவில்லை. சாயங்காலம் வேறு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் லித்தியம் 1.9. வழக்கமாக 0.6-இலிருந்து 1.0 வரைதான் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. லித்தியத்தை நிறுத்தி, குளுக்கோஸ் பாட்டிலும் உப்பு நீரும் ஏற்றி, நான்கு நாள் படுக்க வைத்தார்கள். நடை சரியாவதற்கு மூன்று வாரம் ஆனது. இன்னும் தாமதித்திருந்தால் சிலருக்கு ஆவதுபோல அந்தத் தள்ளாட்டம் நிரந்தரமாகவே தங்கியிருக்கலாம்.

காரணம் என்ன தெரியுமா? லித்தியமும் ஓர் உப்புதான். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் அதை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார், இன்றைக்கும் அதற்கு ஈடான மருந்து குறைவு. ஆனால் நம் சிறுநீரகம் அதையும் சாப்பாட்டு உப்பையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்கின்றன. அதனால் உப்பை ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. வலி என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் போடக் கூடாது. எனக்குப் பாராசிட்டமால்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உன் மகன் எந்த மாத்திரை சாப்பிடுகிறான் என்று நீ எழுதவில்லை. லித்தியமானால் விரல் நுனி லேசாக நடுங்குவது பலருக்கும் வருவதுதான். அளவைச் சரிசெய்தோ வேறு மாத்திரை சேர்த்தோ குறைப்பார்கள். ஆனால் கை முழுதும் உதறினாலோ, தள்ளாடி நடந்தாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி, பேதி சேர்ந்துகொண்டாலோ மறுநாள்வரை காத்திருக்காதே. அன்றைக்கே கூட்டிப்போய் லித்தியம் அளவு பார்க்கச் சொல். வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் ரத்தம் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காலை மாத்திரை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மற்ற மாத்திரைகளில், வால்புரோயேட்டிலும் நடுக்கம் வரும். கார்பமாசெபின் கூடிப்போனால் தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். வேறு சில மாத்திரைகளில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், சிலவற்றில் கை கால் விறைக்கும். ஒவ்வொன்றுக்கும் மருத்துவரிடம் வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்துவது மட்டும் வழி இல்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பாய்ந்து திரும்பி வரும். எனக்கு ஒரு முறை அப்படி வந்து, அந்த வருஷத்தில் பாதி என் நினைவிலேயே இல்லை.

பைக் ஓட்டுகிறானா? மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவியை வாங்கி வை. ஆனால் சண்டை போட்டு வாங்காதே.

நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், அவனுக்கும் பிடித்தால் செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நோட்டில் ஒரே வரியை எழுதி, பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு சுருள் வரைவேன். போன மாதத்தோடு ஒப்பிட்டால் நடுக்கம் கூடியதா குறைந்ததா என்று எனக்கே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போகிறேன், மருத்துவர் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கிறார். சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று பழகுகிறேன். முன்பு பத்து எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிடுவேன், இப்போது முப்பது வரை வருகிறது.

லீவில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே அவன் எத்தனை டம்ளரைப் போட்டாலும் கேட்க ஆளில்லை, எல்லாம் எவர்சில்வர்தான். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் மூவரும் மெதுவாக நடப்போம். அதற்குள் அவன் மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசியாக ரத்தம் பார்த்த தேதி மூன்றையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி