ஒப்பரேசனுக்கு முன்னால் பூசுதல்: றீற்றாவுக்கு ஒரு கடிதம்

கொட்டாஞ்சேனை, கொழும்பு,
ஞாயிறு இரவு

அன்பின் றீற்றா,

இங்கே எல்லாரும் சுகம். மெழுகுதிரி மாமியின் விசயத்துக்கும் மற்றக் கதைகளுக்கும் பிறகு ஆறுதலாகப் பதில் போடுகிறேன். இது ஒரேயொரு காரியத்துக்காக எழுதுவது. உன் கடிதத்தின் அடியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அம்மாவுக்கு ஒப்பரேசன் திகதி கிடைச்சிட்டுது, சுவாமியாரைக் கூப்பிடுவம் எண்டால் எல்லாரும் வேண்டாம் எண்டினம், அம்மா பயந்திடுவாவாம்." அந்த "எல்லாரும்" யார் என்று எனக்குத் தெரியாதா? பெரியண்ணாதானே. அவரைக் கூப்பிட்டு இருத்தி, இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டு.

நோயில் பூசுதல், அதாவது சுவாமியார் நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசுகிற அருட்சாதனம், சாகப்போகிறவருக்கு மட்டும் உரியதல்ல. யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். நோயாளி மூப்பர்களை, அதாவது குருக்களை, வரவழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது. நினைவு தப்பிக் கிடக்கிறவர் எப்படி ஆளனுப்புவார்? நடுவில் பல நூற்றாண்டுகள் அதைக் கடைசி மூச்சுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், உண்மைதான். அந்தப் பயம்தான் இன்னும் பெரியண்ணா மாதிரி ஆட்களிடம் இருக்கிறது. ஆனால் 1963இலேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது உயிர் போகும் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் சடங்கையே திருத்தி அமைத்தார். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பூசலாம். பாரதூரமான நோய்க்காக ஒப்பரேசன் செய்வதென்றால் அதற்கு முன்னால் பூசுவதுதான் முறை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

மன்னாரில் இருக்கிற உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, பெரியண்ணாவுக்காக எழுதுகிறேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் யோசவ் வாஸ் அடிகளார் வந்து சேரும்வரை நம்முடைய சனம் ஏறக்குறைய முப்பது வருடம் குருக்கள் இல்லாமல் கிடந்தது. ஞானஸ்நானத்தை அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். தண்ணீரும் வார்த்தையும் சரியான நோக்கமும் போதும். பூசுதல் அப்படியல்ல, குருவானவரால் மட்டும்தான் முடியும், குருப்பட்டத்துக்கு முந்தின பட்டத்தில் இருக்கிற தியாக்கோனால்கூட முடியாது. அதனால்தான் அந்த மனிதர் மாறுவேடத்தில் இரவிரவாக வீடு வீடாகப் போனார். அன்றைக்குச் சனம் அதற்காக ஏங்கிக் கிடந்தது. இன்றைக்குப் பங்குச் சுவாமியார் ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில் இருக்க, நாங்கள் வேண்டாம் என்கிறோம். எனக்கு இது உண்மையாகவே பொறுக்கவில்லை, றீற்றா. முதல் நன்மைக்கு, பிள்ளை முதன்முதல் நற்கருணை அப்பம் வாங்குகிற நாளுக்கு, ஹோல் எடுக்கிறோம், வீடியோக்காரனைப் பிடிக்கிறோம், உடுப்புக்கு ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அதே நற்கருணையை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவர ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கொழும்புக்கு வெளிக்கிட முன்னம் வீட்டிலேயே செய்து முடி. இதற்கு மூன்று காரணம். ஒன்று, பாவசங்கீர்த்தனம், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அம்மாவுக்குக் காது மந்தம், சுவாமியார் உரத்துத்தான் கதைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான், அங்கே வைத்து அம்மா மனந்திறந்து ஒன்றும் சொல்ல மாட்டா. வீட்டில் என்றால் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தலாம். போக வேண்டும், சின்னம்மா உட்பட! இரண்டாவது, நற்கருணை. நோயாளிக்கும் பக்கத்தில் நின்று பராமரிப்பவர்களுக்கும் ஒரு மணி நேர உபவாசம் கட்டாயமில்லை. ஆனால் ஒப்பரேசனுக்கு முன் டொக்டர் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது என்று சொன்னால் அதை மீறக்கூடாது, அப்பத் துண்டுக்கும் அதே சட்டம்தான். மூன்றாவது, அம்மாவுக்குப் பழக்கமான சுவாமியார். புது முகம் ஒன்று திடீரென்று தலைமாட்டில் வந்து நின்றால்தான் பயம் வரும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுதிரி, மந்திரித்த தண்ணி, குடிக்க அரைக் கிளாஸ் தண்ணீரும் ஒரு கரண்டியும். சுவாமியாரின் விரலைத் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு, பாதித் தேசிக்காய். மேசை விசிறியை நிறுத்திவிடு, திரி நிற்காது. அம்மாவுக்கு ஒக்சிசன் போட்டிருந்தால் மெழுகுதிரி கொளுத்தவே கூடாது, இதை மறக்காதே. அப்பத்தை முழுதாக விழுங்கக் கஷ்டமென்றால் முன்கூட்டியே சொல்லிவை. நகத்தளவு துண்டு போதும், ஒரு கரண்டி தண்ணீரோடு இறங்கிவிடும்.

முதலில் மந்திரித்த தண்ணி தெளித்து, வாசகம் வாசித்து, மன்றாட்டுச் சொல்வார்கள். பிறகு சுவாமியார் ஒன்றும் பேசாமல் அம்மாவின் தலையில் இரண்டு கையையும் வைப்பார். அந்த மௌனத்தில் யாரும் பாட்டெடுக்க வேண்டாம், அருள் நிறைந்த மரியே தொடங்கவும் வேண்டாம். சடங்கில் அது முக்கியமான இடம், பேசாமல் நிற்பதுதான் அங்கே செபம். பிறகு சிமிழைத் திறப்பார். பெரிய வியாழனை ஒட்டி ஆயர் மந்திரித்த எண்ணெய். எண்ணெய் சிந்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருக்கும். பெருவிரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுப் பூசுதலுக்குரிய செப வார்த்தையின் முதல் பாதியைச் சொல்வார், ஆமென் சொல்லுங்கள். அம்மா உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து வைக்க வேண்டும். இரண்டு கையிலும் பூசி அடுத்த பாதியைச் சொல்வார், மறுபடி ஆமென். மருந்தேற்றுகிற கனூலா ஊசி குத்தி ஒரு கை கட்டுப் போட்டிருந்தால் கவலைப்படாதே. கையைத் தொட முடியாத அவசரத்தில் நெற்றி மட்டுமே போதும். எண்ணெயை உடனே துடைத்துவிடாதே, தானாகக் காயட்டும்.

திருத்தலங்களில் இருந்து போத்தலில் கொண்டுவருகிற மந்திரித்த எண்ணெயும் இதுவும் ஒன்றல்ல. அதையும் மடு மாதா கோயில் மண்ணையும் அம்மா பக்தியோடு வைத்திருக்கட்டும், நல்லதுதான். "அதுதான் பூசியாச்சே" என்று பெரியண்ணா சொன்னால் மட்டும் விடாதே. ஞானஸ்நானத்திலும் உறுதிப்பூசுதலிலும் அம்மாவுக்குப் பூசியது கிறிஸ்மா தைலம், பரிமளம் கலந்தது. இது நோயாளருக்கென்றே மந்திரித்த வேறு எண்ணெய்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பூசினால் கட்டாயம் குணமாகும் என்று யாரும் அம்மாவிடம் சொல்ல விடாதே. குணமாகாவிட்டால் விசுவாசம் குறைவு என்று பேசுகிற ஆட்களை வீட்டுக்குள்ளேயே விடாதே. திருச்சபை அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. மனத்தைரியமும் சமாதானமும் கிடைக்கும், பாவமன்னிப்பும் உண்டு, தன் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்துச் சுமக்கிற பலம் கிடைக்கும், ஆன்மாவுக்கு நல்லதானால் உடல்நலமும் கிடைக்கும். மருந்தும் டொக்டரும் அப்படியே இருக்கட்டும். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நாங்கள் யாரும் கூடப் போக முடியாது, றீற்றா. அந்தக் கதவுக்கு அப்பால் அம்மா தனியாகப் போகவில்லை என்று அவவுக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

வீட்டில் பூசியாச்சென்றால் இந்த ஒப்பரேசனுக்காகக் கொழும்பில் இன்னொரு தரம் பூசத் தேவையில்லை. பிறகு நிலைமை மோசமானால் மறுபடி பூசலாம். நினைவு இல்லாவிட்டாலும் பூசலாம், நினைவிருந்தால் கேட்டிருப்பா என்பது போதும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமென்றாலும் பூசச் சட்டம் இடம் தருகிறது. இறந்தது நிச்சயமென்றால் பூசுதல் இல்லை, செபம் மட்டும்தான். ஆள் முடிந்த பிறகு சுவாமியாரைத் தேடி ஓடுகிறவர்கள் இதைக் கேட்டுத்தான் இடிந்துபோகிறார்கள்.

அம்மாவிடம் நீயே கேள், பெரியண்ணாவை விட்டுக் கேட்க வைக்காதே. எல்லாரும் கூடி அழுகிற நேரமும் வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில், "ஒப்பரேசனுக்கு முன்னம் சுவாமியார் வந்து பூசட்டுமா அம்மா, பலமாயிருக்கும்" என்று கேட்டுப் பார். எனக்குத் தெரிந்த உன் அம்மா, "ஏனடி இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீ" என்றுதான் கேட்பா.

புதன்கிழமைக்குள் சுவாமியாரிடம் நேரம் எடுத்துவிடு. கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாம் அண்ணையிடமும் சொல்லிவை, சுவாமியாருக்கு அவர் ஞாபகப்படுத்துவார். கொழும்பில் வாட் இலக்கம் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. இங்கே பங்கில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகிற பணியாளரிடம் பெயரைக் கொடுத்து வைக்கிறேன், ஒப்பரேசன் முடிந்து வாய்வழி சாப்பிடத் தொடங்கியதும் அம்மாவிடம் வருவார்கள். பொறுப்புத் தாதியிடம் முதல்நாளே நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீண் கரைச்சல் இல்லை.

அன்புடன்,
உன் ஸ்ரெல்லா