கெர்ஷாவின் அக்டோபர்கள்

அன்புள்ள சேகர்,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் வீட்டில் சொன்னார்கள். நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரி விண்ணப்பங்களில் மூழ்கிக் கிடக்கிறாள். வீட்டில் சத்தமாகப் பேசக்கூட அனுமதி இல்லை.

எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் கிளேட்டன் கெர்ஷாவைப் பற்றி அன்றைக்குப் போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கெர்ஷா பெரிய பிட்சர்தான்டா, ஆனா அக்டோபர் வந்தா கை நடுங்கிடும்" என்றாய். அதுவும் டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு, அவர் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்தே! அப்போது உனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

கணக்கு உன் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு சீசன், ஒரே அணி, சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) வருஷா வருஷம் தரும் சை யங் விருது மூன்று. வழக்கமான சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.53. அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபில் அதே மனிதருக்கு நான்கரையைத் தாண்டுகிறது. ஆனால் அந்த ரன்கள் எப்போது வந்தன என்று கொஞ்சம் பார். 2014-ல் செயின்ட் லூயிஸுக்கு எதிரான முதல் ஆட்டம். ஆறு இன்னிங்ஸ் வரை இரண்டே ஹிட், இரண்டும் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டிய அடி. 6-2 என்று முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் ஹிட்டுக்கு மேல் ஹிட் விழுகிறது, பயிற்சியாளர் அசையவே இல்லை. பின்னால் வரும் பிட்சர்கள் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் இவரே தாங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எட்டு ரன் போனது. அதே தொடரில் மூன்றே நாள் ஓய்வில் மறுபடி இறக்கினார்கள். ஆறு இன்னிங்ஸ் அற்புதமாக வீசினார், ஏழாவதில் மேட் ஆடம்ஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். தொடரே முடிந்தது. இதில் கை நடுங்கியது யாருக்கு என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

2019 இன்னும் மோசம். வாஷிங்டனுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தவரை எட்டாவதிலும் அனுப்பினார்கள். ரெண்டான் ஒன்று, சோட்டோ ஒன்று, அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன். அப்புறம் வந்த கெந்தா மாயேதா அந்த இன்னிங்ஸைச் சுலபமாக முடித்துவிட்டுப் போனார். அவர் முதலிலேயே தயாராகத்தானே இருந்தார்? 2017 உலகத் தொடரில், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரில், ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஹூஸ்டன் அணியினர் கேமரா வைத்து, கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி, அடுத்த பந்து என்னவென்று தங்கள் பேட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விசாரணையிலேயே வெளிவந்ததே. அந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தானே இவருடைய சராசரியைக் கணக்குப் போடுகிறீர்கள்!

சரி, இதுவரை சொன்னது வாதம். உடம்பு தளர்ந்த கதை வேறு, அதற்கு என்னிடம் வாதம் கிடையாது. 2023-ல் அரிசோனாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு அவுட், ஆறு ரன். முதல் இன்னிங்ஸ் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். தோள் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது, நவம்பரில் அறுவை சிகிச்சை. (அந்த வருஷம் எங்களை வீட்டுக்கு அனுப்பிய அதே அரிசோனாவை வென்றுதான் உங்கள் ஊர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் முதல் கோப்பையை வாங்கியது. நீ அனுப்பிய செய்திகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.) ஒரு காலத்தில் 94, 95 மைல் வேகத்தில் வீசியவருக்கு கடைசி சீசனான 2025-ல் சராசரி வேகம் 90-ஐக்கூடத் தொடவில்லை. ஆனாலும் 11 வெற்றி, 2 தோல்வி. ஜூலையில் மூவாயிரமாவது ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டர் பந்தை ஆட முடியாமலே அவுட்டாவது. வேகம் போன பிறகு வெறும் மூளையை வைத்து ஓட்டினார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் கடைசி அக்டோபரில்தான். முதல் சுற்று அணியில் பெயரே இல்லை. அடுத்த சுற்றில் பிலடெல்பியாவுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில், மற்ற பிட்சர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று இரண்டு இன்னிங்ஸ் வீச விட்டார்கள். ஐந்து ரன் கொடுத்தார், ஒரு ஸ்ட்ரைக் அவுட்கூட இல்லை. டிவியில் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கபில் தேவ் ஹேட்லியின் சாதனையைத் தாண்டும் வரை நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்த மாதிரி. ஆனால் கெர்ஷாவுக்குத் தாண்ட வேண்டிய எண் எதுவும் பாக்கி இல்லை. செப்டம்பரிலேயே ஓய்வை அறிவித்துவிட்டார். கூப்பிட்டால் வீசுகிறேன், இல்லையென்றால் உட்கார்ந்திருக்கிறேன் என்று இருந்தார்.

உலகத் தொடரில் டொராண்டோவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் கூப்பிட்டார்கள். பதினெட்டு இன்னிங்ஸ் போன ஆட்டம், நீ பாதியில் தூங்கியிருப்பாய். பன்னிரண்டாவது இன்னிங்ஸ், 5-5, ரன் எடுக்க ஓடும் மூன்று பேஸிலும் எதிரணி ஆள், இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் இன்னிங்ஸ் முடியும். ஒரு ரன் விட்டால்கூடச் சிக்கல். எதிரே நேதன் லூக்ஸ். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை இழுத்தது, இன்னொரு பால் போனால் ரன், இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். கடைசியில் தரையோடு உருண்ட பந்து, அவுட். அந்தத் தொடரில் அவர் வீசியது அவ்வளவுதான். ஏழாவது ஆட்டம் முடிந்த நொடியில் அவர் மாற்று பிட்சர்கள் தயாராகும் புல்பென்னில் கை சூடேற்றிக்கொண்டிருந்தார், ஒருவேளை அடுத்து அவரையே அனுப்பியிருப்பார்கள். நல்லவேளை, தேவைப்படவில்லை என்று நானே நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

பயப்படுகிற ஆளாக இருந்தால், 37 வயதில், தன் அக்டோபரைப் பற்றி ஊர் பேசுவது எல்லாம் தெரிந்தும், அந்தப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மைதானத்துக்குள் ஓடி வருவாரா? எனக்கு அந்த ஒரு அவுட் போதும். உனக்குப் போதாது என்றால் 2020-ஐப் பார், உலகத் தொடரில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அதுவும் ஆர்லிங்டனில், உன் வீட்டுப் பக்கத்திலேயே.

2031-ல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலுக்கு அவர் பெயர் வரும். முதல் தடவையே தேர்வாவார் என்று பிரியாணி பந்தயம், சரியா? அந்த ஜூலை விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதே. ரெண்டு குடும்பமும் சேர்ந்து, ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் போகலாம். தோற்றாலும் பெட்ரோல் செலவு உன்னுடையது.

அன்புடன்,
ரவி