பாப்பாவுக்கு, பருப்புப்பொடி விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே.

கடுதாசி எழுதி எத்தனை வருஷமாகிவிட்டது. போனில் பிடித்தால் "நல்லா இருக்கேன்பா, க்ளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, மாடி வீட்டுப் பையனைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப்போகிறேன். அவன் படித்துவிடுவானோ என்று அம்மாவுக்குக் கவலை. இங்கிலீஷ் மீடியம் பையன், தமிழை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார். கை கொஞ்சம் நடுங்குகிறது. சுகர்தான், வேறொன்றுமில்லை.

ஊரில் விசேஷம் என்று எதுவுமில்லை. அத்தை வீட்டுப் பால்காய்ப்பு நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். உங்களை என்றுதான் விசாரித்தார்கள்.

நியூயார்க்கில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு நீ இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த எக்வடார் அம்மா "ஷி நோ வொர்க்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாய். அவள் மேல் தப்பில்லை. ஸ்பானிஷில் வினைக்கு முன்னால் ஒரு 'நோ'வைப் போட்டால் மறுப்பு முடிந்தது. கேள்விக்குக் குரலை ஏற்றினால் போதும். நமக்கு ஒரு 'ஆ' போதும், வருவியா, சாப்பிட்டியா. இங்கிலீஷ்காரனுக்குத்தான் எல்லாவற்றுக்கும் 'டு', 'டஸ்' என்று ஓர் எடுபிடி வேண்டும். இதை விதியாகப் பலகையில் எழுதாதே. 'ஷி வொர்க்ஸ்' என்பதில் 'வொர்க்' வரை எழுதி, அந்தக் கடைசி எஸ்ஸை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டு. மறுப்பு வரும்போது சீட்டைப் பிய்த்து 'டு' பக்கம் கொண்டுபோய் 'டஸ்' ஆக்கு. இருப்பது ஒரே சீட்டு. "டஸ் நாட் வொர்க்ஸ்" என்று எழுத வருகிறவள் இன்னொரு சீட்டுக்கு எங்கே போவாள்? 33 வருஷத்தில் ஒருநாள்கூட நான் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது உனக்கு எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"இஸ் ரெய்னிங்" என்கிறார்களாமே, அதையும் திட்டாதே. அவர்கள் மழைக்கு எழுவாய் வைப்பதில்லை. இங்கிலீஷில் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக 'இட்' என்று ஒரு வெட்டி ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வயது விஷயமும் அப்படித்தான். "ஐ ஹேவ் ஃபார்ட்டி இயர்ஸ்" என்றால் சிரிக்காதே. அவர்கள் வயதை வைத்திருக்கிறார்கள், நமக்கு வயது ஆகிறது, இங்கிலீஷ்காரன் வயதாகவே இருக்கிறான்.

"மே குஸ்தா எல் கஃபே" என்றால் எனக்குக் காபி பிடிக்கும் என்றாய். அந்த 'மே' அப்படியே நம் 'எனக்கு'. நான்காம் வேற்றுமை. இரண்டு மொழியிலும் பிடித்துப்போவது ஆள் செய்கிற காரியமில்லை, ஆளுக்கு நேர்வது. இங்கிலீஷில் மட்டும் "ஐ லைக்" என்று நாமே செய்ததுபோல் பொறுப்பேற்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகளும் தடுமாறினார்கள். மாப்பிள்ளைக்குக் காபி பிடிக்காது, டீதான். இப்பவும் அப்படித்தானா?

அதே 7ஆம் நம்பர் ரயில், ஆனால் கோயிலுக்கு இறங்குகிற ஃப்ளஷிங் வரை போகாமல் 103ஆம் தெரு கொரோனா பிளாசாவிலேயே இறங்கிவிடுவதாகச் சொன்னாய். ஊர்ப் பெயரைக் கேட்டு அம்மா அரண்டுபோனாள். ஸ்பானிஷில் கிரீடம் என்று அர்த்தம், பயப்படாதே என்றேன். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறாள் என் மகள், பாத்திரம் கழுவுகிறவர்கள், வீடு துடைக்கிறவர்கள் எல்லாம் அவளை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்லாத நாளில்லை. ஆனால் பாப்பா, சனிக்கிழமை என்றுதானே ஆரம்பித்தாய். இப்போது செவ்வாயும் வியாழனும் சாயங்காலமும் சேர்ந்துவிட்டது. ஞாயிறும் போகிறாயாம். வேலைக்கும் போய்விட்டு இதற்கும் போனால் வீட்டில் எப்போது இருப்பாய்? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரயிலில் தனியாக வராதே. சாப்பிடு.

மேசையை அவர்களும் 'மேசா' என்கிறார்கள், அலமாரி 'அர்மாரியோ' என்று ஆச்சரியப்பட்டாய். பதினாறாம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போனவை. ஸ்பானிஷும் போர்த்துக்கீசிய மொழியும் அக்கா தங்கை. முதல் வகுப்பில் அந்தச் சொற்களை வைத்துப் பயம் தெளியவிட்டது உன் கெட்டிக்காரத்தனம். எனக்கு அது தோன்றியிருக்காது.

அந்த 'எம்பராசாதா' கதையையும் நாலு தரம் கேட்டோம். லேட்டாகப் போய் "ஐயாம் எம்பாரஸ்ட்" என்று நீ சொல்ல, அவர்கள் மொழியில் அது கர்ப்பம் என்று காதில் விழுந்து, வகுப்பே எழுந்து கைதட்டி, ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாரே. அம்மா பாதி கேட்டுவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள். மீதியை நான்தான் போய்ச் சொன்னேன். திரியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். அந்த மெசேஜில் நீ சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் ஓடுகிறது. ரயில் சத்தம் மட்டும் கேட்கிறது.

இன்னொன்று கேட்டாயே, 'ஐ' சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்று. அவர்களுக்கு எதற்கு 'ஐ'? 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். நம்மைப் போலத்தான். ஆளைச் சொல்லாவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். நீ போன வருஷம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் அம்மா அழிக்கவிடவில்லை. மத்தியானம் போட்டுக் கேட்பாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "கோயிலுக்குப் போனோம், கேன்டீன்ல தோசை சாப்பிட்டோம், ட்ரெய்ன்ல எடம் இல்ல, நின்னுக்கிட்டே வந்தோம்." தை மாதத்துக்குப் பிறகு வந்தவை வேறு. போனேன், வாங்கினேன், சமைச்சேன், தூங்கிட்டேன். வாத்தியார் காது, என்ன செய்ய. விடைத்தாள் திருத்துகிறவன்போல எண்ணிப் பார்த்துவிட்டேன். எல்லா வாக்கியமும் 'ஏன்' என்றுதான் முடிகிறது. இலக்கணத்துக்காகச் சொன்னேன். வகுப்பில் பயன்படும்.

கடைசிக் கேள்விக்குத்தான் பதில் எழுத முடியாமல் மூன்று நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன். "வகுப்புல ஸ்பானிஷ் பேசினா தடுக்கணுமாப்பா?" முதலில் நீ கேட்டபோது, தயவுதாட்சண்யம் பார்க்காதே, தடுத்துவிடு என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

நம் வீட்டில் 7 மணியிலிருந்து 8 மணிவரை இங்கிலீஷ் மட்டும்தான் என்று நான் சட்டம் போட்டிருந்தது உனக்கு மறந்திருக்காது. அம்மா எட்டாவதோடு நின்றவள். அந்த ஒரு மணி நேரமும் கொல்லையில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்திருப்பாள். பால் பொங்கினால்கூட வாயைத் திறக்க மாட்டாள், கையைத் தட்டித்தான் உன்னைக் கூப்பிடுவாள். அதை ஏதோ விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் 'இஸ்கூலு' என்று சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றினவன் நான். உன் வகுப்பில் வயசாளிகள் 'எஸ்கூல்', 'எஸ்டூடண்ட்' என்கிறார்கள், நாக்குக்கு ஒரு படி வேண்டியிருக்கிறது, ஏறி வரட்டும் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தப் பெஞ்சுகள் ஞாபகம் வந்தன.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், ஏழே காலோ ஏழரையோ, புத்தகப் பையைக்கூட இறக்காமல் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாய். "அப்பா, டுடே சம்திங் இஸ் ஹாப்பன்ட் இன் ஸ்கூல்" என்றாய். முகம் சரியில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு, 'இஸ்' வராது, திருப்பிச் சொல் என்றேன். நீ எச்சிலை விழுங்கிக்கொண்டு, "சம்திங் ஹாப்பன்ட் இன் ஸ்கூல்" என்று திருத்திச் சொன்னாய். "வெரி குட்" என்றேன். பேப்பரை விரித்துக்கொண்டேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாய்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை பாப்பா. எட்டு மணிக்குப் பிறகும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னாயா என்றும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து இப்போது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் மார்க் சொல்வாய், டிக்கெட் விவரம் சொல்வாய், சம்பளம் ஏறியதைச் சொல்வாய். எல்லாம் தப்பில்லாத வாக்கியங்கள்.

அதனால் தடுக்காதே. ஸ்பானிஷிலேயே பேசட்டும். தப்பாகவும் பேசட்டும், நீ பேனாவை எடுக்காதே. முதலில் முழுவதும் கேள். 'சு' என்ற ஒரே சொல்லில் அவன், அவள், அவர்கள் எல்லாருடையதும் வருவதால் "மை சிஸ்டர் அண்ட் ஹிஸ் ஹஸ்பண்ட்" என்று அந்தப் பெண் எழுதினாள் என்றாயே, அதில் 'ஹிஸ்'ஸை 'ஹெர்' ஆக்குவது எப்போது வேண்டுமானாலும் ஆகும். தங்கைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்திருப்பாள். பேனாவை எடுக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதிவிட்டேனா? அம்மா திரும்பவும் எழுதச் சொல்கிறாள்.

அவள் பருப்புப்பொடி திரித்து வைத்திருக்கிறாள். உனக்குப் பிடித்த மாதிரி பூண்டு தூக்கலாக. கூரியர் கடையில் எடை பார்த்துத்தான் காசு கேட்பான், அதனால் எவ்வளவு அனுப்ப என்று மட்டும் சொல். எப்போதும்போல ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ. அரைக் கிலோ போதுமென்றால் அரைக் கிலோ. ஏன் என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
அப்பா