என் ஷூ லேஸைக் கட்டிவிட்டவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். இன்று காலை இரண்டு இட்லி போதும் என்று உட்கார்ந்தவர் நாலாவதுக்குத் தட்டை நீட்டினார். குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளாடாமல் நடக்கிறார். தினமும் இரண்டு வேளை இப்படி நடக்கவிட்டுப் பார்க்கிறேன். எரிச்சல்படுகிறார். படட்டும்.

போன் செய்தவர்கள், மெசேஜ் போட்டவர்கள், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத இன்னும் கை வரவில்லை. நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்று நடக்கப் போன இடத்தில், தோராங் கணவாய்க்குக் கீழே இருக்கிற தோராங் ஃபேதியில் அன்று ராத்திரி அவருக்கு மலைநோய் (உயரத்தால் வருவது) முற்றி, இருட்டிலேயே கூடையில் சுமந்து கீழே இறக்கினோம் என்பது குரூப்பில் எல்லோரும் படித்ததுதான். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அந்த ஊர்ப் பெயரை மேப்பில் பார்த்துவிட்டு பேசிசஹரிலிருந்தே சிரித்துக்கொண்டு போனோம். நேபாளியில் ஃபேதி என்றால் மலையடிவாரம் என்று கைடு தம்பி சொன்ன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றைத்தான் பிசைகிறது.

முதலில் சொல்ல வேண்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஃபேதிக்குக் கீழே இருக்கிற மனாங் ஊரில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாமில் இருந்த டாக்டர்கள். 1981-லிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் தன்னார்வ டாக்டர்கள் அங்கே வந்து தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். மதியம் 3 மணிக்கு வழிப்போக்கர்களை உட்கார வைத்து மலைநோய் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். ஏறும்போது நாங்களும் போய் உட்கார்ந்தோம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால் படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், தலைவலி வந்தால் அங்கேயே நில்லுங்கள், தள்ளாட்டம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் இறங்குங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து டைரியில் குறித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு நாள் தலைவலியை மாத்திரை போட்டு என்னிடமே மறைத்தார். அந்த டைரி இப்போது என் பீரோவில் இருக்கிறது. தேவைப்படும்போது எடுத்துக் காட்டுவேன்.

ஃபேதி லாட்ஜின் சமையற்கட்டு அக்கா. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இழுத்தபோது, கூடாது, இப்போதே கிளம்பு என்று கதவைத் திறந்து நின்றவர். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல் நமக்கு நினைவிருக்கும். அதன் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து இதே கணவாயிலும் சுற்றுப்புற மலைகளிலும் பனியாகக் கொட்டி 40 பேருக்கு மேல் உயிரை வாங்கியது. அந்த வாரம் அவர் அங்கே இருந்தவராம். காத்திருக்கலாம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது என்று கைடு தம்பி பின்னால் சொன்னார்.

முதுகுக்கூடையின் ஒரு பக்கத்தை அறுத்து, அதில் அவரை உட்கார வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டி மாற்றி மாற்றிச் சுமந்த இரண்டு போர்ட்டர் தம்பிகள். 74 கிலோ மனுஷன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, யோசிக்காமல் தன்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்த ஜெர்மன் நர்ஸ். கணவாயைத் தாண்டி, சாளக்கிராமம் என்று நாம் சொல்லும் முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போய், 108 தாரையிலிருந்தும் பிடித்த தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் காட்மாண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்த கோவைப் பிள்ளைகள். என் மாமியார் அதைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். சாளக்கிராமத்தைச் சேவிக்க வேண்டும் என்பது அவர் ஆசைதான். பொக்காராவிலிருந்து விமானத்திலோ ஜீப்பிலோ ஜோம்சோம் போய் அங்கிருந்து ஏறினால் முடிந்தது விஷயம். 5,416 மீட்டர் கணவாய் ஏறி, பெருமாளைக் கொல்லைப்புறமாகப் போய்ப் பார்க்கலாம் என்பது எங்கள் கொழுப்பு. இவர்கள் எல்லோருக்கும், பெயர் விட்டுப்போன எல்லோருக்கும் என் கும்பிடு.

இனி ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அவர் கோவேறு கழுதை ஓட்டுகிறவர். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அந்த மலையில் கழுதை முதுகில்தான் மேலே போகின்றன. மணிச்சத்தம் கேட்டால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துக் கீழே தள்ளிவிடும் என்று முதல் நாளே சொல்லித்தந்தார்கள். ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தப் புழுதிக்கும் சாணிக்கும் ஒரு முடிவே இல்லையா என்று முணுமுணுத்தேன். அதில் ஒரு வரிசை அவருடையதாகவும் இருந்திருக்கலாம்.

அன்று ராத்திரி ஃபேதியில் தங்கியிருந்தவர், சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கிளம்பியபோது கடைசி ஆளாகப் பின்னால் சேர்ந்துகொண்டார். முன்னால் கைடு, நடுவில் கூடை, கூடைக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அவர். திரும்பிப் பார்த்தபோது கணவாய்க்குக் கிளம்பிய மற்றவர்களின் விளக்குகள் மேலே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் வரிசை மட்டும் கீழே.

ஃபேதிக்கும் அதற்குக் கீழே இருக்கிற லேத்தர் ஊருக்கும் நடுவில் ஒரு மண்சரிவு உண்டு. பகலிலேயே பேச்சை நிறுத்திவிட்டு வேகமாகத் தாண்டுகிற இடம், சரளைக்கல் சரிந்துகொண்டே இருக்கும். அதை நெருங்குவதற்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து, "ஏக்சின், தீதி" என்று குரல் வந்தது. ஒரு நிமிஷம், அக்கா. நான் நிற்கவில்லை. கூடை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, எப்படி நிற்பேன்? அவர் என் தோள்பையைப் பிடித்து இழுத்தே நிறுத்திவிட்டார்.

நெற்றி விளக்கு என் காலுக்கு இறங்கியது. அப்போதுதான் நானும் பார்த்தேன். கிளம்பிய அவசரத்தில் லேஸைக் கட்டாமல் ஷூவின் பக்கவாட்டில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கம் அவிழ்ந்து, கல்லில் இழுபட்டு, ஐஸ் பிடித்து விறைத்து நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் முன்னால் போய் முட்டிக்கொண்டிருந்தது என்பதே அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். காலைத் தொடாதீர்கள் என்று தமிழிலேயே பதறினேன். நம் வழக்கம் அப்படி, அங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். அவர் காதில் வாங்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். லேஸ் நுனியை வாயில் வைத்து ஐஸை உருக்கினார். ஷூவைப் பிடித்துக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார், பாதம் பின்னால் போய் உட்கார்ந்தது. விரல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குறுக்காக இழுத்து, கணுக்கால் மடிப்பில் இரண்டு முறுக்கு முறுக்கி, மேல் கொக்கியில் மாட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகினார். அடுத்த கால். அதே நிதானம். மொத்தமும் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அது மூன்று மணி நேரம். ஏறும்போது தளர்த்து, இறங்கும்போது இறுக்கு என்று ஷூ கடைக்காரர்கூட எனக்குச் சொல்லித்தரவில்லை.

எழுந்தவர் தன் நெற்றி விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டினார். என் செல்போன் குளிரில் எப்போதோ அணைந்துவிட்டது, அதையும் கவனித்திருக்கிறார். தோளில் இரண்டு தட்டு. கழுதைக்குச் சேணம் இறுக்கி முடித்ததும் தட்டுவார்களே, அதே தட்டு. நட.

முன்னால் கைடு தம்பி ஏன் நின்றீர்கள் என்று கத்தினார். இவர் ஏதோ பதில் சொன்னார். எல்லோரும், கூடை சுமந்த பையன்கூட, சிரித்தார்கள். இந்த அம்மாவும் விழுந்தால் இரண்டாவது கூடைக்கு எங்கே போவது என்று கேட்டாராம். அந்த ராத்திரியில் யாரோ சிரித்தார்கள் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. இன்னும் உலகம் கவிழ்ந்துவிடவில்லை என்று பட்டது.

சரிவைத் தாண்டினோம். இரண்டு இடத்தில் கல் என் காலுக்கடியில் நழுவியது. கணுக்கால் மடங்கவில்லை.

லேத்தர் வந்து சேர்ந்தபோது இன்னும் இருட்டு. அங்கே குதிரை ஏற்பாடு செய்கிற பரபரப்பில், பர்ஸைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நினைவு வந்து திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. விடிந்ததும் கழுதைகளுக்குச் சுமை ஏற்ற வேண்டும், திரும்பிப் போய்விட்டார் என்றார்கள். வந்த வழியே, ஏற்றத்தில், விளக்கில்லாமல்.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுகிறார்கள். ஏறிய நாட்களில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போர்ட்டரைத் தாய் என்று கூப்பிட வாய் கூசி, தம்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். லேத்தரில் அந்த இருட்டைப் பார்த்து ஒருமுறை தாய் என்று கூப்பிட்டேன். காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அன்று அங்கே இருந்த அத்தனை பேரும் கூடையைப் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும், அவர்கள் பார்த்ததால்தான் அவர் பிழைத்தார். கூடைக்குப் பின்னால் வருகிற காலை ஒருவர் பார்த்தார். நானும் எத்தனையோ ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். கட்டிலில் இருப்பவரிடம் பேசிவிட்டு, கடிகாரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்து ஸ்டூலில் நாலு நாளாக ஒரே புடவையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன கேட்டேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் வரவில்லை. இனிமேல் போனால் முதலில் ஸ்டூல், அப்புறம்தான் கட்டில். சாப்பிட்டாயா என்று கேட்பேன். மாற்றுச் செருப்பு இருக்கிறதா என்றும் கேட்பேன். இது பெருமாள் முன்னால் வைத்த வேண்டுதல் மாதிரிதான், தவற முடியாது.

மறுபடி போவீர்களா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு உதவி வேண்டும். அந்த நெற்றி விளக்கு என்னிடமே இருக்கிறது. பட்டையில் இன்னும் கழுதை வாசம் போகவில்லை, நான் துவைக்கவும் இல்லை. ஏப்ரலில் அன்னபூர்ணா சுற்றுக்கு யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து கொடுக்கிறேன். ஆள் அடையாளம் கேட்டால் சொல்லத் தெரியாது. நெற்றியில் விளக்குக் கட்டியவரின் முகம் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது, கண்தான் கூசும். அதைக் கழற்றி எனக்கு மாட்டியபோது நான் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோராங் ஃபேதியில் சமையற்கட்டு அக்காவிடம் கொடுத்தால் போதும், அவருக்குத் தெரியும். புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஒரு ஜோடி கையுறையும், இரண்டு ஜோடி லேஸும்.