மாடிச் சாவி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான்கு நாளாக நீ போன் எடுக்கவில்லை, அதனால் கடிதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் 18-ஆம் தேதி. பயப்பட ஒன்றுமில்லை.

உன் ஹவுஸ் ஓனர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். அக்ரிமெண்டில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய் போல. என்னென்னவோ சொன்னார். கட்டில் பக்கத்தில் கிடந்த செருப்பு, கொடியில் காய்ந்த சட்டை, அது இது. அதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. உன்னிடம் கேட்கவும் போவதில்லை. நீ ஆபீசில் இருக்கிற நேரத்தில் பூட்டிய வீட்டுக்குள் கிடப்பது அவர் கண்ணில் எப்படிப் பட்டது? அதுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூட்டை மாற்றிவிடு. முழுப் பூட்டும் வேண்டாம், உள்ளே சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். பழையதைத் தூக்கிப் போடாதே; காலி செய்யும்போது அதையே மாட்டிக் கொடு. கதவுப் பூட்டு, கைப்பிடி மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஓனருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மாற்று, பேச்சுக்கு இடம் வைக்காதே.

வேளச்சேரியில் பத்து மாத அட்வான்ஸைத் தன் சம்பளத்திலேயே கட்டினாள் என்று இங்கே பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன். ஆனால் முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் மகள், கையெழுத்துப் போட்ட பிறகுதானே எனக்கு போட்டோ அனுப்பினாய்? பதினோரு மாதம் என்று பழைய வழக்கப்படி அடித்திருக்கிறார்கள். அந்த 2017-ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிந்தாயா? எத்தனை சாவி கைமாறியது என்று அதில் ஒரு வரி இல்லை. ஓனர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னால், காரணம் சொல்லி, எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனு போடலாம், மனுவை நான் எழுதித் தருகிறேன். முதலில் பூட்டை மாற்று.

இவ்வளவு சட்டம் பேசுகிறேனே, நம் மாடி டீச்சர் ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்களே. அவர்கள் ஏன் திடீரென்று காலி செய்தார்கள் என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்குப் போனேன், கதவு திறந்திருந்தது என்று அம்மாவிடம் அன்று சொன்னேன். திறந்திருக்கவில்லை. டூப்ளிகேட் சாவி என்னிடம் இருந்தது. அன்று மட்டுமல்ல, அதற்கு முன்பும் இரண்டு தடவை. அலமாரியில் ஒரு போட்டோ பார்த்தேன். மறுநாளே அவர்கள் அண்ணனுக்கு எஸ்.டி.டி. போன் போட்டேன். உன் ஓனர் என்னிடம் பேசிய அதே குரலில்தான் பேசியிருப்பேன், "உங்க நல்லதுக்குத்தான் சார்" என்று. அண்ணன் வந்து மூன்றே நாளில் சாமானை ஏற்றினார். டீச்சர் தன்னிடமிருந்த சாவியை என் கையில் தரவில்லை. படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். இரண்டு சாவியும் இன்னும் பூஜை அலமாரிக்குள்தான் இருக்கின்றன.

அம்மாவுக்கு இது தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

புதுப் பூட்டு போட்டதும் ஒரு சாவி எங்களுக்கு அனுப்பு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அனுப்ப வேண்டாம். ஆபரேஷன் முடிந்து வருவோம், முதல் நாளே சொல்லிவிட்டு வருவோம்.

அம்மா வடகம் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்றேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டாள்.

அன்புடன்,
அப்பா