சின்ன லேத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நாடகத்துக்கு வேண்டிய மூன்றடுக்குத் தொலைநோக்கிகளும் வாள்பிடிகளும் மேடையேறிவிட்டன. பிளாஸ்டிக் சாமான் முதல் வரிசைக்காரர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் உலோகத்திலேயே செய்தோம். பெரிய பட்டறையில் ஓரிரு உருப்படிக்காக ஓடுகிற வேலையை நிறுத்தி மெஷினைப் புதிதாக அமைக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. அந்த இடைவெளியை அடைத்தது நீங்கள்தான். யார் சொன்னது எங்கே பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்து இதில் இறங்குபவருக்கு உதவும்.

முதல் நன்றி, 7 அங்குல விட்டம், 14 அங்குல நீளம் வரை பிடிக்கும் லேத்தையும் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்), மேசை மில்லிங் மெஷினையும் (சுழலும் கட்டரால் சீவுவது) ஷெட் சாவியோடு கொடுத்த ஐயாவுக்கு. அந்த லேத் சுமார் 40 கிலோதான். மோட்டாருக்குத் தெம்பு இருந்தாலும் உடம்பு தாங்காது. வெட்டும்போது சேட்டர் (அதிர்வு) அடித்தால் வேகத்தில் கை வைக்கும் முன் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் திருகுகளைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னதுதான் பாதி வேலையை முடித்தது. ஸ்லைடு ஆடாமல், ஆனால் கைப்பிடி இறுகாமல் இருக்கும் அளவுக்குத் திருக வேண்டும். டூல் நுனி, சுழலும் துண்டின் மைய உயரத்தில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் முனையைத் தட்டையாகச் சீவும்போது (பேசிங்) நடுவில் ஒரு முளை மிஞ்சும். குளிர்பானக் கேனை வெட்டி அடியில் வைத்தால் ஒரு தகடு சுமார் 0.1 மி.மீ. உயர்த்தும். அடியில் வைக்கும் தகடு (ஷிம்) கடையில் வாங்க வேண்டியிருக்கவில்லை.

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் டர்னர் அண்ணனுக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். 45 மி.மீ. பித்தளை ராடின் வெட்டுத்துண்டுகளை எடை போட்டுக் கொடுத்ததோடு, எச்.எஸ்.எஸ். எனும் அதிவேக எஃகு டூலைத் தீட்டவும் கற்றுக்கொடுத்தீர்கள். அலுமினியத்துக்கு டூலின் மேல்முகம் நன்றாகச் சரிந்திருக்க வேண்டும், பித்தளைக்குத் தட்டையாக. சரிவான டூல் பித்தளையைக் கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரில்லும் அப்படியே: வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தட்டையாக்கினால்தான் துளை முடியும் இடத்தில் பிடித்துக்கொள்ளாது. குழாய்களில் மாட்டும் பித்தளை வளையங்களுக்கு 6, 12, 20 மி.மீ. என்று படிப்படியாகத் துளைத்து, பிறகு போரிங் (துளையை உள்ளிருந்து கடைந்து பெரிதாக்குவது). பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விடாவிட்டால் சீவல் டூல் நுனியில் அப்பிக்கொண்டு மேற்பரப்பைக் கிழிக்கும்.

பிடிமானத்துக்காக மேற்பரப்பில் பல் வரி பதிக்கும் நர்லிங்குக்கு ஒரு பக்கமாக அழுத்தும் டூலை எடுக்க விடாமல், மேலும் கீழும் கவ்வும் வகையை வாங்க வைத்ததும் அண்ணன்தான். ஒரு பக்க அழுத்தத்தை லேத்தின் சின்ன ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) தாங்காது. நேர்கோட்டு நர்லிங்கில் பல்லிடை 1 மி.மீ. என்றால் சுற்றளவு முழு எண்ணாக வர வேண்டும். 45 மி.மீ. ராடை 44.88க்குக் கடைந்தால் சுற்றளவு 141, பல்லும் 141. இதை விட்டால் இரண்டாம் சுற்றில் பல் மேல் பல் விழுந்து பொடிப்பொடியாகிவிடும்.

தொலைநோக்கியின் உடல் பகுதி முழுக்க அலுமினியக் குழாய். 38, 32, 26 மி.மீ. வெளிவிட்டம், சுவர் 1.5. ஒன்றுக்குள் ஒன்று போகும்போது பக்கத்துக்கு 1.5 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது; வாய்ப்பகுதியில் 2 மி.மீ. ஃபெல்ட் பட்டை ஒட்டினால் இறுக்கமாகச் சறுக்கி, இழுத்த இடத்தில் நிற்கும். உட்குழாயின் பின்முனையில் ஒரு தடுப்பு வளையம் இல்லையென்றால் நடிகர் வேகமாக இழுக்கும்போது கையோடு வந்துவிடும். மெல்லிய குழாயை நேராகச் சக்கில் (துண்டைக் கவ்வும் பிடிப்பான்) பிடித்தால் அதன் மூன்று தாடையும் அழுத்தி வடிவம் கெடும். 38 மி.மீ. குழாய்க்கு உள்ளே 35 மி.மீ. நைலான் அடைப்பு கடைந்து வைத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பிண்டில் துளை 20 மி.மீ. மட்டுமே. குழாய் அதற்குள் போகாது என்பதால் மறுமுனையைத் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் எனும் தாங்கி கட்டாயம். கடைக் குழாய் சொன்ன அளவில் இருப்பது அரிது. இரண்டு திசையில் அளந்து, வளையத்தை அதைவிட 0.1 மி.மீ. பெரிதாகப் போரிங் செய்து, அரால்டைட்டில் ஒட்டினோம்.

உக்கடம் பழைய சாமான் கடைக்காரருக்கும் நன்றி: குவியலைக் கிளறிப் பார்க்க விட்டதற்கும், பித்தளைதானா என்று சோதிக்கக் காந்தத்தையும் அரத்தையும் கையில் கொடுத்ததற்கும்.

மில்லிங் பக்கம், நன்றி பாலிடெக்னிக் பயிற்றுநர் அக்காவுக்கு. எண்ட் மில்லை (மில்லிங் கட்டர்) டிரில் சக்கில் பிடிக்கவே கூடாது, பக்கவாட்டு விசையில் சக் கழன்று விழும், கட்டரைச் சுற்றிலும் இறுக்கும் கோலட்டில்தான் பிடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். வாள் காவலில் (பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் குறுக்குத் துண்டு) அலகு நுழையும் 4 மி.மீ. பள்ளத்துக்கு 4 மி.மீ. கட்டர் போட்டால் பள்ளம் பெரிதாகிவிடும். 3 மி.மீ. கட்டரால் நடுவில் ஓட்டி, இரு சுவரையும் தனித்தனியே சீவ வேண்டும். டேபிள் திருகில் பேக்லாஷ் (திருகில் உள்ள தளர்வு) உள்ள மெஷினில் கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே வேலையைத் தள்ள வேண்டும். திசை மாறினால் கட்டர் டேபிளையே இழுத்துக்கொள்ளும், கட்டர் ஒடியும்.

பளபளப்பு வேண்டாம் என்று தடுத்த ஒளியமைப்பாளருக்கு நன்றி. 400 எண் எமரித் தாளுக்கு மேல் போகாமல் நார்ப்பட்டையால் தேய்த்து முடித்ததால் விளக்கு பட்டுக் கண் கூசவில்லை. வியர்வை பட்டால் பித்தளை கருக்கும். மேட் லாக்கர் ஒரு கோட் அடித்திருக்கிறோம்.

ஐயா, லேத்தின் சீவல்களைப் பிரஷ்ஷால் துடைத்து, பெட் மீது எண்ணெய் பூசி மூடியிருக்கிறோம். தேய்ந்த 3 மி.மீ. எண்ட் மில்களுக்குப் பதில் புதியவை மேல் தட்டில். மிஞ்சிய பித்தளை அலமாரியின் கீழே. பித்தளைத் தூளை அலுமினியத்தோடு கலக்காமல் தனிப்பையில் கட்டியிருக்கிறோம், அண்ணன் எடைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
மேடைப்பொருள் குழுவினர்