அந்தச் சிர்கான் துகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோள்கள் பிறந்த விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். இளம் சூரியனைச் சுற்றித் தட்டாகச் சுழன்ற தூசு, துகளோடு துகள் ஒட்டிக் கல்லாகி, கற்கள் மோதிச் சேர்ந்து கோளான கதை அருமை. ஆனால் பூமிக்கு வந்ததும் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார். முதல் எழுபது கோடி ஆண்டுகளும் வெறும் தீக்குழம்புதான் என்று ஒரே வரியில் தாண்டிப் போனது எனக்கு மிகவும் வருத்தம்.

நிலாவை உண்டாக்கியதாகக் கருதப்படும் பெருமோதலில் பூமி உருகியது சரி. அது அப்படியே கிடந்ததா என்பதுதான் கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சிர்கான் என்னும் கனிமத்தின் படிகங்களில் மிகப் பழையவற்றின் வயது ஏறக்குறைய 440 கோடி ஆண்டுகள். பூமிக்கே வயது சுமார் 454 கோடிதான்! பார்வைக்கு மணல் துகள். அது பிறந்த பாறை என்றைக்கோ கரைந்து போய்விட்டது. துகள் மட்டும் அடித்துவரப்பட்டு, பிற்காலப் பாறையொன்றில் புதைந்து தப்பியிருக்கிறது.

வயதைக் கணிக்கும் வழியையாவது சொல்லியிருக்கலாம். சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைப் பெரும்பாலும் விடாது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறையச் சுமார் 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். அந்தத் துகளிலோ கிட்டத்தட்ட பாதி தீர்ந்துவிட்டது.

அப்புறம் ஆக்சிஜன். இந்தப் படிகங்கள் சிலவற்றில் கனமான ஆக்சிஜன்-18 வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதை 2001இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பூமியின் ஆழத்துக் குழம்பிலிருந்து மட்டும் வந்திருந்தால் அப்படி இருக்காது. மேற்பரப்புக்கு அருகே, அதிகச் சூடில்லாத நீரோடு உறவாடிய பாறை மறுபடி உருகியபோதுதான் அந்த அடையாளம் வரும். அதாவது 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நீர் இருந்திருக்கிறது. கடலாகவா, சிறு நிலைகளாகவா என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. சூரியன் அப்போது இன்றைய ஒளியில் சுமார் 70 சதவீதம்தான் தந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த நீர் உறையாமல் இருந்ததே பெரிய புதிர்.

பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற இதழ் இது. அடுத்த பகுதியில் எரிமலை ஓவியத்தோடு அந்தச் சிர்கானின் படத்தையும், அதன் வயதைக் கணித்த கதையையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்